விமான நிலையத்தில் சொன்ன ‘வரேன்’

ரானுயி, ஆக்லாந்து
18 பிப்ரவரி 2024

அன்புத் தங்கை ஸ்வர்ணாவுக்கு,

அக்கா ரத்னா எழுதுவது. இங்கே நாங்கள் நான்கு பேரும் சௌக்கியம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அல்லோவாவில் குளிர் கொஞ்சமாவது குறைந்ததா?

என்னடா அக்கா திடீரென்று காகிதமும் பேனாவும் எடுத்துவிட்டாளே என்று பார்க்காதே. போனில் பேசினால் உன் அத்தான் உடனே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஸ்காட்லாந்து வானிலையை விசாரிக்கிறார், அபர்ணா குறுக்கே வந்து “ஹாய் சித்தி” என்கிறாள், நிதின் கை ஆட்டிவிட்டுப் போகிறான். போனை வைத்த பிறகுதான் நாம் இருவரும் ஒன்றுமே பேசவில்லை என்பது தெரிகிறது. இனிமேல் முக்கியமானது எல்லாம் கடிதத்தில்தான்.

முக்கியமானது இதுதான். போன மாதம் உன்னை வழியனுப்ப வந்தபோது விமான நிலையத்தில் நான் கேட்டேன்: “மார்ச்ல ரிட்டயர் ஆயிடுவ. அந்தக் குளிர்ல தனியா கிடந்து என்ன பண்ணப் போற? இங்கேயே வந்திடுடி.” நீ என் கையைப் பிடித்துக்கொண்டு “சரிக்கா, வரேன்” என்றாய். அத்தான் சாட்சி. இங்கே வேலை பார்த்த காலத்தில் எடுத்த இந்த நாட்டுப் பாஸ்போர்ட் உன்னிடம் இருக்கிறது, விசாக் கவலையும் இல்லை.

அதனால் நேற்று பின்பக்கம் அளந்தாயிற்று. துணி காயப்போடும் இடத்துக்கு அருகில் உனக்கு ஒரு தனி அறை, சேர்ந்தாற்போல் குளியலறை. இதற்கு இங்கே ஸ்லீப்-அவுட் என்று பெயர். கேட்டால் வாசலில் பாய் போட்டுப் படுக்க வைப்பது போல இருக்கிறது, ஆனால் நல்ல அறைதான்.

பதில் போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா ரத்னா


அல்லோவா, ஸ்காட்லாந்து
9 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நான் நலம். முழங்கால் படி இறங்கும்போது மட்டும் முனகுகிறது. அத்தானுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது?

ஆஸ்பத்திரியில் வழியனுப்பு விழா முடிந்தது. எல்லோரும் சேர்ந்து நடப்பதற்கான பூட்ஸ் வாங்கிக் கொடுத்தார்கள். அதைப் போட்டுப் பார்க்க எங்காவது போக வேண்டுமே என்று அடுத்த நாளே இந்த ஊர்க் கோபுரக் கோட்டைக்குப் போனேன். பதினான்கு வருஷமாக அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போயிருக்கிறேன், ஒருமுறைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை. சுவர் அப்படி ஒரு கனம். சன்னல் குழிக்குள் இரண்டு பேர் உட்கார்ந்து டீ குடிக்கலாம். கூரை உத்தரங்கள் எல்லாம் ஓக் மரம், பல நூறு வருஷத்துப் பழசு. மொட்டை மாடியில் இருந்து பார்த்தால் ஆறு வளைந்து வளைந்து போகிறது.

எங்கள் மாவட்டம், கிளாக்மன்னன்ஷயர், ஸ்காட்லாந்திலேயே சிறியது. பெயர் நீளமாக இருக்கிறது, ஊர்தான் குட்டி. “ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்” என்று மோராக் சொல்கிறாள். அவள் என் பக்கத்து வீடு, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். புதன்கிழமை தோறும் நடக்கப் போகும் பெண்கள் குழு ஒன்று வைத்திருக்கிறாள். என்னையும் சேர்த்துவிட்டாள்.

அந்த அறைக்குச் சன்னல் எந்தப் பக்கம்?

எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

உன்
ஸ்வர்ணா


ரானுயி
1 ஏப்ரல் 2024

என் அருமை ஸ்வர்ணா,

எல்லோரும் நன்றாக இருக்கிறோம். அத்தானுக்குச் சர்க்கரை அடங்கியிருக்கிறது, அவர்தான் அடங்கவில்லை.

நீ சன்னலைப் பற்றிக் கேட்டதும் எனக்கு ஒரே சந்தோஷம். வேலியைப் பார்த்து வைப்பதாக இருந்ததை எலுமிச்சை மரத்துப் பக்கம் மாற்றச் சொல்லிவிட்டேன். கட்டுபவர் யசீகரன், யாழ்ப்பாணத்துக்காரர், தங்கமான மனிதர். “ஓம் அக்கா, மாத்தலாம். ஆனா உங்கட தங்கச்சி உண்மையா வாறாவோ?” என்று கேட்டார். “அவ வாயாலேயே சொன்னா, எங்க வீட்டுக்காரர் சாட்சி” என்று சொன்னதும் உடனே அளவு நாடாவை எடுத்தார். தினமும் சாயங்காலம் கருவிகளைக் கட்டிக்கொண்டு “அப்ப நான் வாறன் அக்கா” என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். மரியாதை தெரிந்தவர்.

கோட்டை பார்க்கிறாயாமே, பார். வருவதற்கு முன் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிடு. அங்கே பார்க்காமல் விட்டது ஒன்றும் இருக்கக் கூடாது. மோராக்கை விசாரித்ததாகச் சொல்.

அக்கா


அல்லோவா
27 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்கா,

சுகம். உங்கள் அனைவரின் சுகத்தையும் விரும்புகிறேன். நிதினுக்கு ஆல்பனி ஆபீஸ் பழகிவிட்டதா?

புதன்கிழமை டாலர் என்ற சிற்றூருக்கு மேலே உள்ள கோட்டைக்குப் போனோம். பள்ளத்தாக்கு வழியாக ஏற்றம். பாசி பிடித்த பாறை, இரண்டு பக்கமும் தண்ணீர் சத்தம், மரப்பாலத்தில் வழுக்கல். கோட்டைக்கு ஒரு பக்கம் ஓடுகிற ஓடைக்குக் ‘கவலை’ என்று பெயர், மறுபக்கம் ஓடுவதற்குத் ‘துயரம்’. கோட்டைக்கே முற்காலத்தில் ‘வாட்டம்’ என்ற பொருள் வரும் பெயர்தான் இருந்ததாம். பெயர்தான் அப்படி. மேலே ஏறி நின்றபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கீழே பள்ளத்தாக்கு முழுதும் புதுத் தளிர். ஆறு கிழவிகள் சுவரில் சாய்ந்துகொண்டு முட்டை சாண்ட்விச் தின்றோம். நான் எலுமிச்சைச் சாதம் கொண்டுபோயிருந்தேன், அது இரண்டே நிமிஷத்தில் தீர்ந்துவிட்டது.

இறங்கும்போது முழங்கால் பிடித்துக்கொண்டது. மோராக் தன் தடியைக் கொடுத்தாள். மெதுவாக வந்து சேர்ந்தோம்.

யசீகரன் மழையில் வேலை செய்கிறாரா? பாவம், அவசரப்படுத்தாதே.

உன்
ஸ்வர்ணா


ரானுயி
19 மே 2024

ஸ்வர்ணாவுக்கு,

நலம். நீயும் நலம்தான் என்று உன் கடிதத்தில் இருந்தே தெரிகிறது. முட்டை சாண்ட்விச் தின்கிறவளுக்கு என்ன குறை?

கவலைக்கும் துயரத்துக்கும் நடுவில் இருக்கும் இடத்தைப் பார்க்க மலை ஏறினாயா? என் சமையலறைக்கு வந்திருக்கலாம். நேற்று ரசம் அருமையாக அமைந்தது. உப்புக் குறைவு என்று சொல்லவாவது ஓர் ஆள் வேண்டாமா? நிதின் காதில் எதையோ மாட்டிக்கொண்டு “ஆல் குட், மம்” என்றான். அபர்ணா எல்லர்ஸ்லியில் வேலை முடிந்து வருவதற்குள் ஏழரை ஆகிவிடுகிறது. வந்ததும் அவள் அறை, அவள் லேப்டாப். அத்தான் டிவி பார்க்கிறார். சரி, அதை விடு.

அறைக்குக் கூரை போட்டாயிற்று. உள்ளே என்ன நிறம் அடிப்பது? இளம்பச்சையா, சந்தனமா? இதற்கு மட்டும் மறக்காமல் பதில் எழுது.

அக்கா


அல்லோவா
16 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கே சௌக்கியம். வெயில் வந்துவிட்டது. வெயில் என்றால் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அனுபவிக்கும் வெயில்.

இந்த வாரம் ஒரு ஜப்பானியத் தோட்டத்துக்குப் போனோம். ஸ்காட்லாந்தின் நடுவே ஜப்பான். நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த ஊர்ச் சீமாட்டி ஒருத்தி உலகம் சுற்றிவிட்டு வந்து, ஜப்பானில் இருந்து வந்த ஒரு பெண்ணைக் கொண்டு இதை அமைத்தாளாம். குளம், குளத்தின் மேல் வளைந்து போகும் பாலம், கல் விளக்குகள். ஊருக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத மரங்கள் எல்லாம் நன்றாக வேர்பிடித்து நிற்கின்றன. நான் ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். யாரும் வந்து “என்ன யோசனை?” என்று கேட்கவில்லை. எனக்கு ஒரு யோசனையும் இல்லை அக்கா, அதுதான் விசேஷம்.

சனிக்கிழமை மோராக்கும் நானும் ஏரியைச் சுற்றி நடந்தோம். மூன்று மைல் இருக்கும். வாத்துக்குஞ்சுகள் பொரித்திருக்கின்றன.

இரண்டு நிறமும் நல்ல நிறம்தான்.

உன்
ஸ்வர்ணா


ரானுயி
7 ஜூலை 2024

ஸ்வர்ணா,

எல்லோரும் நலம்.

ஒரு கோபுரம், ஒரு கோட்டை, ஒரு தோட்டம், ஓர் ஏரி. வாத்துக்குஞ்சு பொரித்தது வரைக்கும் எழுதியிருக்கிறாய். எப்போது வருகிறாய் என்று ஒரு வரி இல்லை. நான் முட்டாள் இல்லை. அறை முடிந்துவிட்டது. சந்தனம் அடித்தாயிற்று. கட்டிலும் போட்டாயிற்று.

வருகிறாயா, இல்லையா?

ரத்னா


அல்லோவா
28 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இதைப் படித்த பிறகும்.

நான் வரவில்லை அக்கா. மார்ச்சிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுத உட்காரும்போதெல்லாம் உன் முகம் வந்து நிற்கும், பேனா கோட்டைப் பக்கம் போய்விடும். என் மேல்தான் தப்பு.

விமான நிலையத்தில் நான் சொன்னது போய்வருகிறேன் என்று. விமானத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், நீ அழுதுகொண்டு ஏதோ சொன்னாய், பாதிதான் காதில் விழுந்தது. “சரிக்கா, வரேன்” என்றேன். நம் வீட்டில் யாராவது என்றைக்காவது “போறேன்” என்று சொல்லியிருக்கிறோமா? சொன்னால் அம்மா விடுவாளா? யசீகரன் தினமும் “வாறன்” என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குத்தானே போகிறார்!

ஏன் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் உன்னோடு ஒரே அறை. பிறகு எட்டுப் பேர் இருந்த ஹாஸ்டல். கல்யாணத்துக்குப் பிறகு மாமியார் வீட்டுக் கூடம். ஆக்லாந்தில் ஐந்து வருஷம் உன் வீட்டில், அபர்ணா அறைக்கு அடுத்த அறை. நீ ஒரு குறையும் வைக்கவில்லை, அது வேறு விஷயம். இங்கே வந்த பிறகு அவருடைய நோய். அவர் போனதில் எனக்கு என்ன சந்தோஷம் இருக்க முடியும்? இரண்டு வருஷம் அழுதேன். ஆனால் அழுது முடித்து ஒரு நாள் காலையில் எழுந்தபோது, இன்றைக்கு என்ன செய்யலாம் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அதற்கு முன்னால் அந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை. ஐம்பது வயதைத் தாண்டித்தான் ஒரு கதவை நான் சாத்தி நான் திறந்தேன்.

நான் சந்தோஷமாக இருக்கிறேன் அக்கா. அதைச் சொல்லத்தான் பயமாக இருந்தது. தனியாகக் கஷ்டப்படுகிறேன் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய். கஷ்டம் இல்லை என்று சொன்னால், எனக்கு நீ வேண்டாம் என்று சொல்வது போல ஆகிவிடுமோ என்றிருந்தது.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன்
ஸ்வர்ணா


ரானுயி
8 செப்டம்பர் 2024

அன்புள்ள ஸ்வர்ணாவுக்கு,

செல்வராஜ் அத்தான் எழுதுவது. தமிழில் எழுதி இருபது வருடம் ஆகிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நான் நலம். அங்கே மழை எப்படி?

உன் அக்காவுக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. என்ன எழுதியிருந்தாய் என்று எனக்குச் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. மத்தியானம் ஆனால் பின்னால் உள்ள அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். இரண்டு மணி நேரம், சில நாள் மூன்று மணி நேரம். நேற்று சன்னல் வழியாகப் பார்த்தேன். முதுகைத்தான் காட்டிக்கொண்டிருந்தாள், தோள் லேசாக அசைந்தது. அழுகிறாள் என்று நினைக்கிறேன். “அந்த ரூம்ல புல்வெட்டுற மெஷினை வெச்சுக்கலாமா?” என்று போன வாரம் கேட்டுவிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

உனக்கு எது நல்லதோ அதைச் செய். சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

செல்வராஜ்


அல்லோவா
22 செப்டம்பர் 2024

அக்கா,

உடம்பு எப்படி இருக்கிறது? நீ எழுதி இரண்டரை மாதம் ஆகிறது.

நான் வந்துவிடுகிறேன். வீட்டை விற்றுத் தரும் ஆபீஸில் போய்ப் பேசினேன். வருகிற மாதம் பதினெட்டாம் தேதி வந்து விளம்பரத்துக்குப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். மோராக்கிடம் சொல்லிவிட்டேன். தன் தடியை நானே வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

நீ அழக் கூடாது. அதற்கு மேல் எனக்கு எந்தக் கோட்டையும் வேண்டாம், தோட்டமும் வேண்டாம். மார்ச்சுக்குள் வந்துவிடுவேன். இது போய்வருகிற ‘வரேன்’ இல்லை.

ஸ்வர்ணா


ரானுயி
6 அக்டோபர் 2024

அடி ஸ்வர்ணா,

நான் நன்றாக இருக்கிறேன். நிஜமாகவே நன்றாக இருக்கிறேன், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நேற்று போனில் “வீட்டை விக்காத, லெட்டர் வருது” என்று மட்டும் சொல்லி வைத்தேனே, அத்தான் ஸ்பீக்கர் பொத்தானைத் தேடுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்றுதான். உனக்கு அவர் கடிதம் எழுதியதும் நேற்றுத்தான் வெளியே வந்தது. நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

நடந்ததைக் கேள். உன் ஜூலைக் கடிதம் வந்த அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. உன்னைத் திட்டி எழுத இடம் வேண்டுமே! சமையலறை மேஜையில் உட்கார்ந்தால் அத்தான் காப்பி கேட்பார். அந்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். நான்கு பக்கம் திட்டினேன். மாமியார் வீட்டுக் கூடத்தையும் என் வீட்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாயே என்று எழுதும்போது அழுகையும் வந்தது. அசந்து அப்படியே கட்டிலில் சாய்ந்துவிட்டேன். விழித்தபோது மணி ஆறு. யாரும் என்னைத் தேடவில்லை. அதற்காகவும் ஒரு பாட்டம் கோபப்பட்டேன்.

மறுநாள் அந்த நான்கு பக்கத்தைக் கிழிக்கப் போனேன். அதற்கடுத்த நாள் போவதற்குக் காரணம் ஒன்றும் இல்லை, சும்மாத்தான் போனேன். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் நான் குளியலறையைத் தவிர வேறு எந்தக் கதவையும் உள்ளே இருந்து சாத்தியதில்லை, தெரியுமா? முதல் வாரம் திருடுவது போல இருந்தது. இப்போது மணி இரண்டானால் கால் தானாக அங்கே போகிறது. அத்தான் சன்னல் வழியாகப் பார்த்த அன்று நான் அழவில்லை, முறுக்குத் தின்றுகொண்டிருந்தேன். திரும்பினால் அவருக்கும் கொடுக்க வேண்டுமே என்று திரும்பவில்லை.

உனக்கு உடனே எழுதாததற்குக் காரணம், எழுத வேண்டியது கொஞ்சம் வெட்கமானது. ஸ்வர்ணா தனியாக இருக்கிறாள், தனியாக இருக்கிறாள் என்று ஒன்பது வருஷமாகப் பார்ப்பவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். தனியாக இருந்தது நான்தான். நாலு பேர் இருக்கிற வீட்டில் நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வருகிறது. அத்தான் தமிழில்தான் பேசுவார், ஆனால் அவர் பேசுவது காப்பியும் வானிலையும். என்னோடு சண்டை போட, ரசத்தில் உப்பில்லை என்று சொல்ல, அம்மாவைப் பற்றிப் புறம் பேச எனக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. பிள்ளைகளும் புருஷனும் பக்கத்தில் இருக்கும்போது இதை வெளியே சொன்னால் சிரிக்க மாட்டார்களா? அதனால் என் தனிமையை உன் பேரில் எழுதிவைத்துவிட்டேன். மன்னித்துக்கொள்.

ஆகவே நீ வர வேண்டாம். எனக்காக வரவே வேண்டாம். படம் எடுக்க வருகிறவர்களைத் திருப்பி அனுப்பு. மோராக்கின் தடியை அவளிடம் கொடுத்துவிட்டு, சொந்தமாக ஒன்று வாங்கிக்கொள். கடிதம் மட்டும் நிறுத்தாதே. ஜப்பான்காரி தோட்டத்தில் மரமெல்லாம் இப்போது நிறம் மாறியிருக்குமே, அதை எழுது. நான் பதில் சொல்லிச் சண்டை போடுகிறேன்.

அங்கே தோட்டமும் கோட்டையும் பனியில் கிடக்கிற மாதத்தில் விருந்தாளியாக வேண்டுமானால் வா. அபர்ணா அறைக்கு அடுத்த அறையை ஒழித்துத் தருகிறேன். பின்னால் உள்ள அறையை மட்டும் கேட்காதே, அது என்னுடையது. மத்தியானத்தில் என்னோடு பேச வேண்டுமென்றால் கதவைத் தட்டு. திறக்கலாமா வேண்டாமா என்று யோசித்துச் சொல்கிறேன்.

உன் அக்கா,
ரத்னா